சும்மா ஒரு வீரவாள்

ஹொஷிமியில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும், பிறகு இடுப்பு வாரை அவிழ்க்க வேண்டும், அதன் பிறகு கோபத்தைக் காட்ட வேண்டும். ஜப்பானின் தெற்குக் கடலில் மிதக்கும் அந்த நகரத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வளையத்துக்குள் தலையை நீட்டினால் காதருகே யாரோ மெல்லத் திட்டுவார்கள். அவரவர் தாய்மொழியிலேயே திட்டு வரும். நெற்றி சுருங்குகிறதா, பல் கடிபடுகிறதா, விரல்கள் மடங்குகின்றனவா என்று வளையத்தில் பொருத்திய கூர்மானி அளந்துகொள்ளும். பச்சை விளக்கு எரிந்ததும் அடுத்த ஆள் நகரலாம். "சீக்கிரம் கோவத்தக் காட்டிட்டு வா, பின்னாடி ஆள் நிக்குது" என்று பிள்ளைகளை நெட்டித் தள்ளும் அம்மாக்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

இதற்கெல்லாம் வேர் ஒரு பழைய வாள் சட்டம். அந்த நாட்டுக்குள் மாதிரி வாள் கொண்டுவருவதற்குத் தடையில்லை, அது துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கும்வரை. துத்தநாகத்தைச் சாணை பிடித்தால் கூர் நிற்காது. மழுங்கும், இல்லாவிட்டால் உடையும். இரும்பில் செய்திருந்தால் கதை வேறு. இன்றைக்கு அது வெண்ணெயைக்கூட வெட்டாது என்றாலும் அது மாதிரி அல்ல, வாள். நாளைக்கு யாராவது அதைக் கூராக்கிவிடலாம் அல்லவா? சட்டம் இன்றைய முனையைப் பார்ப்பதில்லை. கூராகும் தன்மையைப் பார்க்கிறது.

ஹொஷிமி கட்டப்பட்ட புதிதில் அங்கே ஒரு கலவரம் வந்தது. குடைகளும் நாற்காலிகளும் பாட்டில்களும் வைத்தே ஒரு தெருவை ஜனங்கள் நாசமாக்கினார்கள். வாள் என்று ஒன்று கண்ணில் படவேயில்லை. நகர மன்றம் கூடி யோசித்தது. கூரானது குடையா, ஆளா? அதன்பின் சட்டத்தில் 'பொருள்' என்று இருந்த இடங்களிலெல்லாம் 'பொருளோ ஆளோ' என்று திருத்திவிட்டார்கள். ஒரே ஒரு சொல்தான் கூடியது. அந்தச் சொல்லுக்காகத்தான் வளையம் வந்தது.

ஆவுடையப்பனுக்கு வளையத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. கடற்பாசிப் பண்ணையில் இயந்திரங்களை மேய்க்கிற வேலை அவருக்கு. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வளையத்துக்குள் தலையைவிட்டு, கேட்ட திட்டுக்குச் சிரித்துவிட்டு வெளியே வந்தவர். சாதுவான மனிதர். சாம்பாரில் உப்பில்லை என்றால்கூட எழுந்துபோய் அவரே போட்டுக்கொள்வார். அவர் பயமெல்லாம் பையில் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த வீரவாளைப் பற்றித்தான்.

அந்தப் பயமும் தூத்துக்குடியில் கடலடிக் குழல்வண்டி ஏறும்வரை இருக்கவில்லை. ஹொஷிமி தமிழ் மன்றத்தின் விழாவுக்கு ஊரிலிருந்து ஒரு தலைவர் வருகிறார். வருகிறவருக்கு ஆளுயர மாலை போட வேண்டும், கிரீடம் வைக்க வேண்டும், வீரவாள் கொடுக்க வேண்டும். அவர் அதை உறையிலிருந்து உருவித் தலைக்கு மேல் தூக்க, எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நட்சத்திரங்களுக்குக் கப்பல் விடுகிற காலம் வந்த பிறகும் நம்மவர்கள் விட்டுக்கொடுக்காத சடங்கு இது. மாலையையும் கிரீடத்தையும் அங்கேயே அச்சடித்துக்கொள்ளலாம். வாளை மட்டும் எந்த அச்சுப்பொறியும் அங்கே அடித்துத் தருவதில்லை. மன்றச் செயலாளர் பூங்குன்றன் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, வரும்போது ஒரு வீரவாள் மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. போன தடவ நெனப்பிருக்குல்லா? தலைவர் வாளத் தூக்குதாரு, பிடி மட்டும் கையில இருக்கு, தகடு மேடையில கெடக்கு. மானம் போச்சு. இந்தத் தடவ நல்ல இரும்பாப் பாத்து வாங்குங்க. கனமா இருக்கணும்."

திருநெல்வேலி ஜங்ஷனில் கேடயமும் கோப்பையும் விற்கிற கடை ஒன்றில் ஆவுடையப்பன் வாங்கினார். பிடியில் சிங்கமுகம், சிவப்பு வெல்வெட் உறை. "சுத்த இரும்பு சார், வேணும்னா தட்டிப் பாருங்க" என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். தட்டிப் பார்த்தார், ணங் என்றது. தகட்டில் எழுத்தும் பொறித்து வாங்கிக்கொண்டார்.

வண்டி புறப்பட்டுக் கடலுக்கு அடியில் வெகுதூரம் போன பிறகு எதிரே இருந்த திரையில் ஹொஷிமியின் விதிகள் ஓடின. பழம் கூடாது, மண் கூடாது. அடுத்து ஒரு வாளின் படம் வந்தது. இரும்பு வாள், கூர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆயுதம். கொண்டுவருபவர் திருப்பி அனுப்பப்படுவார். அவர் மணிக்கட்டில் 'கூர்' என்று முத்திரை விழும். அந்த முத்திரை உள்ளவர் மீண்டும் எப்போதும் ஹொஷிமிக்குள் நுழைய முடியாது.

ஆவுடையப்பன் அதை இரண்டு தடவை படித்தார். ஹொஷிமி மருத்துவமனையில் அவர் மனைவி செண்பகவடிவு நிறைமாதமாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. தம்பி கல்யாணத்துக்கு அவர் கிளம்பியபோது, "நீங்க பக்கத்துல இல்லாம நான் அந்த ரூமுக்குள்ள போக மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவர் கையை விடவில்லை.

வாளை எங்கேயாவது எறிந்துவிடலாம் என்றால் கடலுக்கு அடியில் ஓடுகிற வண்டிக்கு ஜன்னல் ஏது? கழிவறைக்குள் கொண்டுபோய் மூலையில் சாத்திவைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல இருக்கைக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தோளை யாரோ தட்டினார்கள். துப்புரவு இயந்திரம் நின்றது. இரண்டு கையாலும் வாளை ஏந்திக்கொண்டு, "ஐயா, தங்கள் உடைமையை மறந்துவிட்டீர்கள்" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னது. பக்கத்து இருக்கைக்காரர் தன் பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டார்.

பூங்குன்றனைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, இரும்பு வாளு கூடாதாம்லா! ஒரு வார்த்த சொல்லலையே நீரு?"

"அண்ணாச்சி, அது பொம்ம வாளுதான? கண்டுக்கிட மாட்டாவ."

"கண்டுக்கிட்டா?"

"கண்டுக்கிட்டா... எம் பேரச் சொல்லிராதீங்க அண்ணாச்சி."

அந்த இணைப்பு அறுந்ததுமே திரையில் செண்பகவடிவு வந்தாள். முகம் வேர்த்திருந்தது. "என்னங்க, வலி எடுத்துட்டு. எங்கன வாரீங்க?"

"இந்தா வந்துட்டேம்ட்டி. எறங்கப் போறேன்."

"பயமா இருக்குங்க."

"பயப்படாத, கேட்டியா? நான் வந்துருவேன்."

சொல்லிவிட்டார். வண்டி நின்றதும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். சுங்கக் கூடத்தின் சுவரில், எல்லா மொழியிலும், 'பயப்படுவது குற்றமல்ல' என்று எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகு இன்னும் அதிகமாகப் பயந்தார். குற்றமில்லாத ஒன்றை எதற்குச் சுவரில் எழுதிவைக்கிறார்கள்?

பையைத் திறந்து வாளை எடுத்தவர் ஹிராயாமா என்கிற அதிகாரி. நடுத்தர வயதுப் பெண். தாழ்ந்த குரலில், கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். அவர் பேசிய ஜப்பானியம் ஆவுடையப்பனின் காதிலிருந்த செவிச்சில்லில் தமிழாக வந்தது. அந்தச் சில்லுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் பாடப்புத்தகத்தைத் தாண்டவில்லை போலிருக்கிறது.

"ஐயா, இது யாது?"

"வாளுங்க. மாதிரிதான். பொம்ம."

"எவ்வுலோகத்தால் ஆனது?"

இரும்பு என்றால் முடிந்தது. பொய் சொன்னால் சில்லே காட்டிக்கொடுத்துவிடும். ஹிராயாமா காத்திருக்கவில்லை. மேசைக்குள்ளிருந்து சுண்டுவிரல் அளவு காந்தம் ஒன்றை எடுத்தார். எத்தனையோ கருவிகள் வந்தும் இந்த வேலைக்கு அவர்கள் காந்தத்தை மாற்றவில்லை. அந்தக் காந்தம் தகட்டை நோக்கி இறங்குவதை ஆவுடையப்பன் பார்த்தார். செண்பகவடிவின் முகம் வந்தது. இசக்கியம்மா, ஒட்டக் கூடாது தாயே என்று உள்ளுக்குள் கதறினார். அடுத்த நொடியே, இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் எங்கே போகும் என்று புத்தி கேட்டது.

காந்தம் தகட்டைத் தொட்டது. வழுக்கி மேசையில் விழுந்தது.

ஹிராயாமா எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது. பிடி, முனை, நடு, எங்கும் ஒட்டவில்லை. சுத்தத் துத்தநாகம். கடைக்காரர் ஏமாற்றியிருந்தார். தன் வாழ்நாளில் தன்னை ஏமாற்றியவர்களை எல்லாம் ஒன்றாக நிறுத்தி அதில் அந்த ஜங்ஷன் கடைக்காரருக்கு மட்டும் ஒரு மாலை போட வேண்டும் என்று ஆவுடையப்பனுக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நன்று. இது மாதிரிதான்" என்றார் ஹிராயாமா. "இறுதியாக ஒரு வினா. மாதிரி வாளாயினும் தக்க காரணமின்றி எடுத்துச் செல்லலாகாது. எதன் பொருட்டு எடுத்துச் செல்கிறீர்கள்?"

பயம் விட்ட வேகத்தில் ஆவுடையப்பன் சிரித்தார். பதில் தானாக வந்தது.

"சும்மாதாங்க."

இந்த இடத்தில் செவிச்சில்லு சற்றுத் தடுமாறியது. 'சும்மா' என்கிற சொல்லை நாம் எதற்கெல்லாம் பயன்படுத்துகிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? தன் அகராதியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது: காரணம் எதுவுமின்றி.

ஹிராயாமாவின் புன்னகை நின்றது. வாளைத் திருப்பித் தகட்டில் பொறித்திருந்ததைச் சில்லுக்குக் காட்டினார். அது வாசித்துச் சொன்னது: "பகை முடிக்க வந்த போர்வாளே வருக. தலை கொடுக்கத் தயார். ஹொஷிமி கிளை."

"எந்தப் பகை?"

"பகையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சும்மா எழுதுறது."

"காரணமின்றி எழுதினீர்கள். யாருடைய தலை?"

"என் தலைதாங்க. எல்லார் தலையும்தான். ஐயோ, அதுவும் சும்மாங்க!"

"காரணமின்றி எல்லோர் தலையும்" என்று ஹிராயாமா மெல்லத் திரும்பச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஆவுடையப்பனுக்கு அதிகமாகப் பயம் கொடுத்தது. "ஐயா, வாள் குறித்து ஐயமில்லை. தங்களைச் சாணை பார்க்க வேண்டியுள்ளது."

வளையத்தில் காட்டுவது கோபத்தின் மேல்தோல். சாணை அறை வேறு. தக்க காரணம் சொல்ல முடியாமல் வாளோ வாள் மாதிரியோ கொண்டுவருகிறவர்களை அங்கே உட்காரவைத்து, அந்தப் பொருளையே கையில் கொடுத்துவிடுவார்கள். எதிரே திரை. சாணைக்கல் என்கிற இயந்திரம் அந்த மனிதரை எதன் மேல் உரசினால் கூராவார் என்று தேடும். அவருடைய ஊர், மொழி, வேலை, சேர்ந்த சங்கம் எல்லாம் அதற்குத் தெரியும். கூர்மானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அவர் இரும்பு. தாண்டாவிட்டால் துத்தநாகம், உள்ளே போகலாம்.

ஆவுடையப்பனின் உள்ளங்கை வாள்பிடியில் வழுக்கியது. வெளியே எங்கோ செண்பகவடிவு வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் இங்கே பொம்மை வாளைப் பிடித்துக்கொண்டு நாடகத்து ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தன்னை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் எழுந்து ஓட முடியாது. கதவே தெரியவில்லை.

முதலில் தலைவர் பேசினார். திரையில் அவரேதான். பகைவர்கள் சூழ்ந்துவிட்டார்கள், எழுந்து வா, உன் குருதி கொதிக்கவில்லையா என்று முழங்கினார். ஆவுடையப்பனுக்குக் கொட்டாவி வந்தது. இதே பேச்சுக்கு எத்தனை தடவை நாற்காலி போட்டிருக்கிறார்! எந்த இடத்தில் கைதட்ட வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். முள் அசையவில்லை. ஹிராயாமா வியப்போடு முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

அடுத்து ஒருவன் வந்து தமிழைப் பழித்தான். முள் இலேசாக எழுந்து தணிந்தது. அவர் கும்பிடும் சாமியைப் பழித்தான். மறுபடி எழுந்தது, சாமி பார்த்துக்கொள்ளும் என்று அவர் நினைத்ததும் தணிந்தது. திருநெல்வேலி அல்வாவைவிட வேறொரு ஊர் அல்வா நல்லது என்றான். இதற்குக் கொஞ்சம் நன்றாகவே எழுந்தது, ஆனால் கோட்டுக்கு வெகு கீழே. பண்ணையில் மேலதிகாரி திட்டினார். வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஹிராயாமாவின் முகம் இளகியது. ஆவுடையப்பனும் மூச்சை விட்டார். தேறிவிட்டோம், இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான்.

அப்போது சாணைக்கல் திரையில் ஒரு பேனரைக் காட்டியது.

மன்ற விழாவின் வரவேற்புப் பேனர். மேலே தலைவர் மேகத்தில் மிதந்தார். கீழே வரவேற்பவர்கள். பூங்குன்றன் இருந்தார். பொருளாளர் இருந்தார். போன வருடம் சேர்ந்த அற்புதராஜ் இருந்தான். ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தியிராத அற்புதராஜ், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தான். வேன் ஓட்டுகிற பையன்கள்கூட வரிசையாக இருந்தார்கள். ஆவுடையப்பன் இல்லை. படமும் இல்லை, பெயரும் இல்லை.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி மறுமுனையில் போய் இடித்தது.

அவர் எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாள் அவர் தலைக்கு மேலே இருந்தது. ஹிராயாமா சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அந்தக் கண்களில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் ஆவுடையப்பனுக்கு உணர்வு வந்தது. தன் கையைத் தானே பார்த்தார். அது யாருடைய கையோ போலிருந்தது. கோபம் போய் அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. இந்த முறை சட்டத்தைப் பற்றிய பயம் அல்ல, தன்னைப் பற்றிய பயம்.

"அம்மா, மன்னிச்சிருங்கம்மா. நான் அப்படிப்பட்ட ஆளு இல்ல. என் பொண்டாட்டிக்கு அங்க பிரசவம். என்ன உள்ள விட்டுருங்க. காலுல வேணும்னாலும் விழுதேன்."

ஹிராயாமா தண்ணீர் கொடுத்தார். "அமருங்கள் ஐயா. தாங்கள் கண்டது உண்மையன்று. அப்படியொரு பதாகை இல்லை. சாணைக்கல் தானே புனைந்தது."

"பொய்யா?"

"பொய். உண்மைப் பதாகையில் தாங்கள் இருக்கிறீர்கள். சட்டம் மறுவாய்ப்பு ஒன்று அளிக்கிறது. உண்மைப் பதாகையைத் தாங்கள் அமைதியாக நோக்கினால் போதும். பச்சை விளக்கு எரியும்வரை நோக்கினால் போதும். நானே கையொப்பமிட்டு உள்ளே அனுப்புகிறேன்."

ஆவுடையப்பன் விம்மி விம்மி அழுதார். பேனர்! ஒரு பேனருக்காகவா? என் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இந்த அம்மா என்னைப் பார்த்து எப்படிப் பயந்துவிட்டார்கள். இனி அந்த மன்றத்துப் பக்கமே போக மாட்டேன். மனப்பூர்வமாகத்தான் நினைத்தார். முள் படுத்துவிட்டது.

அதே நேரம் செண்பகவடிவின் அழைப்பு வந்தது. ஹிராயாமா அனுமதித்தார். படம் இல்லை, குரல் மட்டும்.

"என்னங்க... ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போறாவ. எங்க இருக்கீங்க?"

"வாசலுக்கு வந்துட்டேம்ட்டி. ஒரே ஒரு கதவுதான். தைரியமா இரு."

"கையப் பிடிச்சிக்கிட ஆள் வேணுமுங்க."

"இந்தா வாரேன்."

ஹிராயாமா வாளை மறுபடி அவர் கையில் கொடுத்தார். விதி அப்படி. ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். செண்பகவடிவு, பிள்ளை, செண்பகவடிவு, பிள்ளை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். திரையில் உண்மையான பேனர் வந்தது.

இருந்தார். கும்பிட்ட கையோடு, நெற்றியில் திருநீற்றோடு, பளிச்சென்று இருந்தார். 'வரவேற்புக் குழுத் தலைவர் ஆவுடையப்பன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. முள் தூங்கியது. ஹிராயாமா பேனாவின் மூடியைத் திறந்தார்.

பார்த்ததோடு அவர் நிறுத்தியிருக்கலாம். தன் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நம்மில் யார் அப்படி நிறுத்தியிருக்கிறோம்? அவர் கண் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது. அற்புதராஜ் இருந்தான். அதே கறுப்புக் கண்ணாடி. படம் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதோ? முள் தலைதூக்கியது.

பெருசா இருந்தா என்ன, படம்தான என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். நெற்றியில் வேர்வை பெருகியது. செண்பகவடிவு, பிள்ளை. முள் இறங்கியது. விளக்கு மஞ்சளிலிருந்து வெளிறிப் பச்சையாகப் போகிற நேரம். ஹிராயாமா ஏதோ வேண்டிக்கொள்வதுபோல உதட்டை அசைத்தார்.

அற்புதராஜின் தோளில் ஒரு கை இருந்தது. மோதிரம் போட்ட கை. ஆவுடையப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தார். தலைவரின் கை. மேகத்திலிருந்து இறங்கிவந்து, அத்தனை பேரையும் விட்டுவிட்டு, அற்புதராஜின் தோளில் மட்டும் தலைவர் கை போட்டிருந்தார்.

இந்த முறை முள் இடித்த சத்தம் பக்கத்து அறைவரை கேட்டது.

அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாளை எடுக்க வேண்டியிருந்தது. ஹிராயாமா அதை வெல்வெட் உறையில் போட்டு, மேலே ஒரு மெத்தைப் பையிலும் வைத்து, 'அனுமதிக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டினார். "இதனால் தீங்கில்லை. தமிழ் மன்றத்துக்கு நாங்களே சேர்ப்பித்துவிடுவோம்" என்றார். அதன்பின் ஆவுடையப்பனின் மணிக்கட்டைப் பற்றினார். முத்திரை விழும்போது கொசு கடித்தாற்போல்தான் இருந்தது. கையொப்பமிட்ட ஹிராயாமாவின் கண்ணில்தான் தண்ணீர் நின்றது. "மன்னியுங்கள்" என்று தலை குனிந்து சொன்னார். சில்லு அதைச் சரியாகவே மொழிபெயர்த்தது.

திரும்பிப் போகும் வண்டியில் அவர் பக்கத்து இருக்கைகளில் யாரும் உட்காரவில்லை. மணிக்கட்டு எல்லோர் கண்ணிலும் பட்டது. அவர் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார். வாசல்வரை வந்துவிட்டேன் என்று சொன்னோமே, அவள் எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாளோ என்று திரும்பத் திரும்ப நினைத்தார். பாவி, பாவி என்று தன்னையே திட்டினார்.

திரை ஒளிர்ந்தது. செண்பகவடிவு. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை, யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பொண்ணுங்க" என்றாள். "நல்லா இருக்கா. இந்தா பாருங்க, உங்க மூக்கு." துணிச் சுருளைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டினாள். சிவந்த முகம். மூடிய கண். இந்தக் குழந்தையை என்றைக்குக் கையில் வாங்கப்போகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. "ஏட்டி..." என்றார். திரையில் அந்த மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

திரையின் ஓரத்தில் இன்னொரு அழைப்பு மின்னியது. பூங்குன்றன்.

"ஒரு நிமிசம் இருட்டி, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு அவர் அதை எடுத்தார்.

"அண்ணாச்சி! கேள்விப்பட்டேன், கொதிச்சுப் போயிருக்கோம். வாளு வந்துட்டு, தலைவர் தூக்கிக் காமிச்சிட்டாரு, உடையல, பிரமாதம். இப்போ உங்களத் திருப்பி அனுப்புனதக் கண்டிச்சு ஊரெல்லாம் பேனர் அடிக்கோம். நடுவுல நீங்கதான். தலைவருக்குச் சமமா உங்க படம்."

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதுல அற்புதராஜ் படம் வருதா?"

"கீழ ஒரு ஓரமா..."

"எம்புட்டுப் பெருசு?"

மணிக்கட்டில் 'கூர்' முத்திரை சிவந்து தடித்தது. நிறுத்திவைத்த இணைப்பில் செண்பகவடிவு இன்னும் குழந்தையைத் திரைக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது வீறிட்டு அழ ஆரம்பித்திருந்தது.